தூக்கணாங்குருவி காலுறை பின்னிய காலம்

அந்தக் காலத்தில் பறவைக்கும் விலங்குக்கும் மனிதருக்கும் ஒரே பேச்சுத்தான். யார் யாரை ஏசினாலும் எல்லோருக்கும் விளங்கிவிடும் என்பதால் சண்டை சச்சரவுக்குப் பஞ்சமில்லை. அப்போது தூக்கணாங்குருவிக்கு இந்தப் பெயர் கிடையாது. தொங்குகிற கூடு ஒன்று இருந்தால்தானே அப்படிக் கூப்பிடுவார்கள்? அது மேற்கு மலையின் உச்சியில், ஒரு பாறைப் பொந்தில், தன் பேடையோடு குடியிருந்தது. அதற்குத் தொழில் காலுறை பின்னுவது.

சிரிக்க வேண்டாம். அந்த உச்சியில் மார்கழி பிறந்துவிட்டால் புல்லெல்லாம் வெளுத்து விறைத்துவிடும். காலை வைத்தால் அப்பளம் போல நொறுங்கும். சுனைத் தண்ணீர் மேலே கெட்டியாகி, குடிக்க வேண்டுமென்றால் கல்லால் உடைத்துத்தான் குடிக்க வேண்டும். அதனால் முயலும் மரநாயும் கீரியும், மலைக் குடியிருப்பு மனிதர்களும், குளிர் இறங்குமுன்பே ஆட்டு மயிரை நூலாகத் திரித்து எடுத்துக்கொண்டு குருவியிடம் வந்துவிடுவார்கள். குருவி அலகால் கண்ணிக்குள் கண்ணி கோத்து, விரல் நுனியில் தொடங்கிக் கணுக்காலுக்கு மேல்வரை பின்னிக் கொடுக்கும். மரவட்டைகூட ஒருமுறை வந்தது. அதன் கால்களைப் பார்த்ததும் குருவிக்கு மூச்சு முட்டியது. "நீ எல்லாருக்கும் கடைசியா வா" என்று அனுப்பிவிட்டது. முறை வருவதற்குள் குளிர்காலமே போய்விட்டது. பாவம், அது சுருண்டு படுக்கப் பழகிக்கொண்டது.

குருவியின் பின்னல் காலோடு ஒட்டிக்கொள்ளும். குதிகாலில் சுருக்கம் விழாது, விரலில் தொளதொளக்காது. அதில் குருவிக்குத் தலைகால் புரியாத பெருமை. "மத்தவன் பின்னினா அது பை. நான் பின்னினா அது தோல்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொள்ளும். இந்தப் பெருமைக்காகவே அது ஒரு வழக்கம் வைத்திருந்தது. காலுறையைத் தனியாகப் பின்னித் தராது. காலின் மேலேயே பின்னி, கணுக்காலுக்கு மேலே ஒரு முடிச்சுப் போட்டு முடித்துவிடும். அந்த முடிச்சை அதன் அலகைத் தவிர வேறு எதனாலும் அவிழ்க்க முடியாது. பங்குனி வெயில் வந்ததும் எல்லோரும் திரும்பி வந்து காலை நீட்டுவார்கள், குருவி அவிழ்த்துவிடும்.

இன்னொரு வழக்கமும் இருந்தது. அளவெடுக்கும்போது கால் தரையில் படக்கூடாது. பாறைமேல் உட்கார்ந்து காலைத் தொங்கவிட வேண்டும். ஒருமுறை காட்டெருமைக்கு அளவெடுக்கப் போய், அது காலை மாற்றி வைத்ததில் குருவியின் வால் இறகு முழுவதும் மண்ணோடு போய்விட்டது. நூலிழையில் தப்பிய உயிர். அன்றிலிருந்து தொங்குகிற காலைத்தான் அது தொடும். பயம் என்று யாரிடமும் சொல்லவில்லை. அதுதான் முறையான அளவு என்று சொல்லிவிட்டது.

இந்த வழக்கங்களால் அதுவரை யாருக்கும் பெரிய கெடுதல் வரவில்லை. முயலும் கீரியும் எதைச் சுமக்கப் போகின்றன? மனிதர்களோ குளிரில் அடுப்பைவிட்டு நகரமாட்டார்கள். நிற்கும்போது கொஞ்சம் இறுக்கிப் பிடிக்கிறது என்று எப்போதாவது யாராவது முனகினால், "புதுசுல அப்படித்தான்" என்று குருவி வாயை அடைத்துவிடும்.

அந்த வருஷம் மலையில் உப்பு தீர்ந்துபோனது. ஐப்பசி மழையில் பாதை சரிந்து, கீழ்நாட்டு உப்பு வியாபாரிகள் வரவில்லை. இருந்ததும் ஈரத்தில் கரைந்து ஓடிவிட்டது. கன்றுக்குட்டிகள் சுவரை நக்கின. பிள்ளைகள் சோர்ந்து சோர்ந்து விழுந்தார்கள். நஞ்சி என்பவளின் சின்ன மகள் எழுந்து நிற்கவே மறந்துவிட்டாள். புருஷன் பெள்ளன் தேனெடுக்கப் போய்த் தோளை உடைத்துக்கொண்டு கிடந்தான். கணவாயைத் தாண்டிக் கீழே போய் உப்புப் பொதியைச் சுமந்துவர அந்த வீட்டில் அவளை விட்டால் ஆளில்லை. குளிரில் அந்தப் பாதையில் பொதியோடு யாரும் வந்ததில்லை. அவள் துணிந்துவிட்டாள்.

நூலை எடுத்துக்கொண்டு குருவியிடம் வந்தாள்.

"குருவியண்ணா, கால் ரெண்டும் கெட்டியா இருக்கணும். போறப்ப வெறுங்கையா போவேன். வர்றப்ப முதுகு நெறைய உப்பு. கொஞ்சம் தளர்வாவே பின்னிடுங்க."

தளர்வு என்ற சொல்லைக் கேட்டதும் குருவிக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது.

"தளர்வா வேணும்னா கோணிச்சாக்கைச் சுத்திக்கிட்டுப் போ அம்மணி. எங்கிட்ட எதுக்கு வந்தே?"

பொந்துக்குள்ளிருந்து பேடை தலையை நீட்டியது. "ஏனுங்க, அவங்க கேக்கறது ஞாயந்தானுங்க. ஒரு பாறாங்கல்லைத் தூக்கிக்கிட்டு நிக்கச் சொல்லி அளவெடுங்க. சொமையோட நின்னா பாதம் அகண்டுக்கும்."

"கீழ நின்னு அளவெடுக்கறேன், மிதிபட்டுச் சாகறேன். அதானே உனக்கு வேணும்?"

"நான் அசையவே மாட்டேனுங்கண்ணா" என்றாள் நஞ்சி.

"எருமையும் அப்படித்தான் சொல்லுச்சு. ஏறி உக்காரு அம்மணி, காலைத் தொங்கப்போடு."

அவளுக்கு அவசரம். மகளின் முகம் கண்ணிலேயே நின்றது. ஏறி உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டாள். சுமையில்லாத, தரை தொடாத, இளைத்த கால்கள். குருவி அன்றைக்குத் தன் வித்தை முழுவதையும் காட்டியது. கண்ணிக்கும் கண்ணிக்கும் நடுவே எறும்பின் மீசைகூட நுழையாது. முடிச்சும் போட்டாயிற்று. நஞ்சி இறங்கி நான்கு அடி நடந்து பார்த்தாள். உண்மையிலேயே தோல் போலத்தான் இருந்தது. கும்பிட்டுவிட்டுப் போனாள்.

கீழே இறங்கிய வரைக்கும் ஒரு குறையும் இல்லை. சந்தையில் உப்பை வாங்கிப் பொதியாகக் கட்டி முதுகில் ஏற்றிக்கொண்டு ஏறத் தொடங்கினாள். அப்போதுதான் உறைபனி கொட்டிய நாட்கள். இங்கே உச்சியில் குருவி பொந்தைவிட்டு வெளியே வரவில்லை. நஞ்சியை அது மறந்தே போய்விட்டது.

ஒரு காலை வரையாடு ஒன்று மேய்ச்சலுக்கு வந்தது. பொந்தருகே நின்று, "கணவாயில நஞ்சியைப் பார்த்தேன்" என்றது. "உன் பின்னலைப் பத்தித்தான் ஒரே புகழ்ச்சி."

குருவி மார்பை நிமிர்த்திக்கொண்டு வெளியே வந்தது. "என்ன சொன்னா? அவ சொன்ன மாதிரியே சொல்லு."

"ஏத்தம் ஏறத் தொடங்கினப்ப ரொம்பக் கடுத்துச்சாம். அரிவாளால அறுத்துடலாமான்னுகூட நெனச்சாளாம். வெறுங்கால்ல பனியை மிதிக்க முடியாதே, அதனால பல்லைக் கடிச்சுக்கிட்டு நடந்திருக்கா. அப்புறம் வலி தானா நின்னுபோச்சாம். இப்ப குளிரும் தெரியல, கல்லும் தெரியல, ஒண்ணுமே தெரியலையாம். குருவியண்ணன் நல்லா இருக்கணும்னு சொல்லச் சொன்னா."

"பார்த்தியா?" என்று குருவி பேடையைத் திரும்பிப் பார்த்தது.

பேடையின் முகத்தில் ஈயாடவில்லை. "ஒண்ணுமே தெரியலைன்னா சொன்னாங்க?" என்று மட்டும் கேட்டது.

"ஆமா."

"போங்க. போய் அவுத்து விடுங்க. இப்பவே போங்க."

"புகழ்ந்து சொல்லி அனுப்பியிருக்கா, நான் போய் அவுக்கணுமா? ஊர் சிரிக்காது?"

இப்படிச் சொல்லிவிட்டு அது வெயில் காயப் போய் உட்கார்ந்தது. உட்கார்ந்ததே தவிர வெயில் உடம்பில் ஏறவில்லை. ஒண்ணுமே தெரியலை என்ற சொல் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. உயிருள்ள காலுக்கு எப்படி ஒன்றுமே தெரியாமல் போகும்? பொழுது உச்சிக்கு வந்தபோது அது எழுந்துவிட்டது. யாரிடமும் சொல்லாமல் கணவாயை நோக்கிப் பறந்தது. காலையிலேயே பறந்திருக்கலாம். சிரிப்பார்களே என்று அரை நாளை வீணாக்கியது அதன் வீம்பு.

நஞ்சி ஒரு பாறை இடுக்கில் உட்கார்ந்திருந்தாள். உப்புப் பொதி நனையாமல் அதன்மேல் தன் சேலை முந்தானையையும் போர்வையையும் போட்டு மூடியிருந்தாள். மேலே போர்த்த அவளுக்கு எதுவும் மிச்சமில்லை.

"வந்துட்டீங்களாண்ணா" என்றாள். "எந்திரிச்சேன், விழுந்துட்டேன். கால் எங்கிருக்குன்னே தெரியல. எனக்குக் கால் இருக்குதுங்களா, பாருங்க."

குருவி அவள் காலடிக்கு ஓடியது. அந்த எருமைக்குப் பிறகு முதன்முறையாக அது தரையில் ஊன்றிய பாதத்தின் அருகே வந்து நின்றது. பொதியின் பாரத்தில் பாதம் அகன்று, காலுறைக்கு அதற்குமேல் இடம் கொடுக்க வழியில்லாமல், நூல் சதைக்குள் புதைந்திருந்தது. கணுக்காலுக்கு மேலே வீங்கிய தோல் முடிச்சை விழுங்கிவிட்டது. குருவி அலகை நுழைத்துத் தேடியது. முடிச்சு அகப்படவில்லை. இழையைக் கடித்து இழுத்தது. தானே பின்னிய இறுக்கம் தன் அலகுக்கே வழிவிடவில்லை. ஓரிடத்தில் ஒரு கண்ணி விலகியது. உள்ளே தெரிந்த தோல் கரிக்கட்டையின் நிறத்தில் இருந்தது. குருவி அந்த இடத்தைக் கொத்தியது. அவள் முகம் மாறவே இல்லை.

"வலிக்குதா அம்மணி?"

"இல்லீங்கண்ணா. உங்க பின்னல் நல்ல பின்னல்."

குருவிக்கு அழுகை வந்துவிட்டது. "நல்ல பின்னல் இல்ல அம்மணி. நீ தளர்வாக் கேட்டே. நான் கேக்கல."

அவள் குனிந்து தன் காலைப் பார்த்தாள். அவளுக்கு விளங்கிவிட்டது. திட்டுவாள் என்று குருவி காத்திருந்தது. திட்டவில்லை. "உப்பு நனையாம வீட்டுக்குப் போகணும்" என்றாள். "புள்ள எந்திரிக்க மாட்டேங்கறா."

காலையில் சேதி கொண்டுவந்த வரையாட்டைத் தேடிக் குருவி மலைச்சரிவெல்லாம் கத்திக்கொண்டே பறந்தது. வரையாடு வந்தது. வாழ்நாளில் எதையும் சுமந்திராத அந்த முதுகில் பொதியை ஏற்றிக் கட்ட நஞ்சிக்கு மிச்சமிருந்த பலம் சரியாக இருந்தது. பொதி புறப்பட்டுப் போவதைப் பார்த்துக்கொண்டே அவள் பாறையில் சாய்ந்தாள். குருவி அவள் மடியில் உட்கார்ந்து, இறகை விரித்து, தன்னால் முடிந்த மட்டும் சூடு கொடுத்தது. ஒரு குருவியின் சூடு எந்த மூலைக்குப் போதும்? வெயில் இறங்குமுன் அவள் மூச்சு நின்றுவிட்டது.

உப்பு வீடு சேர்ந்தது. கஞ்சியில் கரைத்து ஊட்டினார்கள். மகள் எழுந்து உட்கார்ந்து அம்மாவைக் கேட்டாள்.

மறுநாள் குடியிருப்பு ஆட்கள் நஞ்சியைத் தூக்கிவந்தார்கள். அடக்கம் முடிந்தபின் பெள்ளன், உடைந்த தோளைக் கட்டிக்கொண்டு, குருவியின் பொந்துக்கு வந்தான். மலையிலிருந்த அத்தனை உயிர்களும் தள்ளி நின்று பார்த்தன. அவன் கல்லெடுத்து எறிவான் என்று குருவி நினைத்தது. எறிந்திருந்தால்கூட அதற்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"அரிவாளால அறுத்துப் பார்த்தோம், வரல" என்றான் பெள்ளன். "காலுறையோடதான் புதைச்சோம். ஒரு கண்ணிகூட அவுரல. நல்லாத்தான் பின்னியிருக்கே."

சொல்லிவிட்டுப் போய்விட்டான். அதற்குப் பிறகு ஒரு உயிரும் குருவியிடம் காலை நீட்டவில்லை. முயல் தன் பாதத்தில் தானே மயிர் வளர்த்துக்கொண்டது. மனிதர்கள் கந்தலைச் சுற்றிக்கொண்டார்கள். குருவியால் அந்த மலையில் யார் முகத்திலும் விழிக்க முடியவில்லை. பேடையை அழைத்துக்கொண்டு, குளிரே இல்லாத கீழ்நாட்டுக்கு இறங்கிவிட்டது.

கீழே கம்பளி நூல் கிடையாது. காலுறை கேட்பாரும் கிடையாது. ஆனால் அலகு சும்மா இருக்குமா? குருவி நெல் தாளையும் பனையோலையையும் நாராகக் கிழித்து, கிணற்றோரப் பனையின் ஓலை நுனியில் தொங்கவிட்டு, தெரிந்த ஒரே வேலையைச் செய்தது. நீளமாக, வாய் கீழ்நோக்கி, மேலே குதிகால் போலப் புடைத்து, ஒரு காலுறை. "இதுல நாம குடியிருப்போம்" என்று பேடையிடம் சொன்னது. "அளவா பின்னியிருக்கேன். முட்டை வைக்க வா."

பேடை பனைமட்டையிலிருந்து நகரவில்லை.

"அளவுன்னு நீங்க சொன்னதை ஒருத்தி நம்பினாளுங்க. நான் நம்ப மாட்டேன். பாதியாப் பிரிச்சு நிறுத்துங்க. நான் தொங்கிப் பார்க்கறேன், இழுத்துப் பார்க்கறேன். பாரம் ஏத்திப் பார்த்து, அது தாங்கினாத்தான் என் குஞ்சு அதுக்குள்ள."

குருவி கூட்டின் கீழ்ப்பாதியைப் பிரித்தது. குளத்துக்குப் போனது. ஈரக் களிமண்ணை அலகில் உருட்டி எடுத்துவந்து கூட்டின் உட்சுவரில் அப்பியது. போதாது என்று இன்னொரு உருண்டை. பிறகு இன்னொன்று. ஒவ்வொரு உருண்டைக்கும் ஒதுங்கி உட்கார்ந்து, நார் எங்கே இறுகுகிறது என்று பார்த்தது.

அன்று முதல்தான் தூக்கணாங்குருவி காலுறை போலத் தொங்கும் கூட்டைப் பாதியில் நிறுத்திவிட்டுப் பேடை வந்து சோதிப்பதற்காகக் காத்திருக்கிறது. பேடைக்குப் பிடிக்காவிட்டால் மறுபேச்சில்லாமல் அதை விட்டுவிட்டு வேறொன்று பின்னுகிறது. பிடித்துவிட்டாலோ, முட்டைக்கும் முன்னால் அதற்குள் களிமண்ணைத்தான் ஏற்றுகிறது.