தெற்குத் தெருவின் மீசை

நம்புகிறவர்கள் நம்பலாம். மருதங்குறிச்சிப் பயில்வான் பூவலிங்கத்தின் மீசையில், ஒரு முனையில் தூக்கணாங்குருவி கூடு கட்டியிருந்தது. மறுமுனை காலி. வாடகை கட்டுப்படியாகவில்லை என்று குருவிகள் பேசிக்கொண்டன.

அந்த ஊரில் தேர்வடத்தை முதலில் தொடுவது வடக்குத் தெருவா தெற்குத் தெருவா என்று வெட்டுக்குத்து நடந்த காலம் போய், போக்கர் ஆட்டம் வந்திருந்தது. கரையொதுங்கிய கப்பல்காரன் ஒருவன் சொல்லிக்கொடுத்தது. ஆளுக்கு ஐந்து சீட்டு. பணயம் புளியங்கொட்டை. நல்ல சீட்டு என்றால் நடுவில் கொட்டையை ஏற்ற வேண்டும். இல்லையென்றால் சீட்டைக் கவிழ்த்து, போட்ட கொட்டையை விட்டுவிட்டு ஒதுங்க வேண்டும். எதிராளி ஒதுங்கிவிட்டால் ஜெயித்தவன் தன் சீட்டைக் காட்ட வேண்டியதில்லை. ஒதுங்காவிட்டால் இருவரும் காட்ட வேண்டும்; பெரிய சீட்டு ஜெயிக்கும். சங்கு ஊதும்போது யாரிடம் கொட்டை அதிகமோ அவர் தெருவுக்கு வடம். சங்கு எப்போது ஊதும்? பூசாரிக்கு ஞாபகம் வரும்போது.

தெற்குத் தெருவுக்காக உட்கார்ந்த பயில்வான் வருஷா வருஷம் தோற்றார். தெருவே தேருக்குப் பின்னால் புழுதி தின்றது.

கடைசியில் மானத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, தன்னைவிட வெகு இளையவளான, அதே தெருப் பவளக்கொடியிடம் போனார். மழையோடு சீட்டாடி அதை ஒரு வாரம் ஊருக்கு வெளியே நிறுத்தியவள் அவள். அவளையே குருவாக ஏற்றுக் கும்பிட்டார்.

“குருவம்மா, நல்ல சீட்டு வந்தால் எதிராளி ஓடிவிடுகிறான். மட்டமான சீட்டு வந்தால் மலை மாதிரி உட்கார்ந்திருக்கிறான். சூனியமா?”

“கையை நீட்டுங்கள்.”

வலக்கை விரல்களில் திருநீற்றை அப்பினாள். ஆட்டம் தொடங்கியது. அவள் தன் சீட்டைத் திருப்பிப் பார்க்கவே இல்லை. வெயில் சாய்வதற்குள் பயில்வானின் கொட்டை தீர்ந்துவிட்டது.

“பார்க்காமலே எப்படி?”

தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி அவர் முகத்துக்கு நேரே வைத்தாள். மீசையின் வலது பாதி வெளுத்துக் கிடந்தது.

“நல்ல சீட்டு வந்தபோதெல்லாம் முறுக்கியிருக்கிறீர்கள்.”

“இப்போதே மழித்துவிடுகிறேன்!”

குருவி பதறிப்போய் எட்டிப் பார்த்தது.

“வேண்டாம். இத்தனை நாள் வடக்குத் தெருவுக்கு உழைத்த மீசை. ஒருநாளாவது நமக்கு உழைக்கட்டும். சரி, மட்டமான சீட்டை ஏன் கவிழ்க்கவே மாட்டேன் என்கிறீர்கள்?”

“பயில்வான் பின்வாங்குவதா?”

“கோதாவில் பிடி வழுக்கினால்?”

“விட்டுவிட்டு வேறு பிடி போடுவேன்.”

“அதைப் பார்த்து ஊர் சிரித்ததா?”

பயில்வான் ஒரு சீட்டை எடுத்துக் கவிழ்த்துப் பார்த்தார்.

தேருக்கு முந்தின நாள், எதிரே வடக்குத் தெரு அரிசி மில் சடையப்பர் உட்கார்ந்தார். பயில்வான் கவிழ்த்தார். மறுபடியும் கவிழ்த்தார். ஒவ்வொரு தடவையும் ஒரு கொட்டை போனது.

“பயில்வானுக்குக் குளிர் காய்ச்சல்டா, போர்வை கொண்டு வாங்க!” என்றது வடக்குத் தெரு.

ஒரு சுற்றில் அவருக்கு மூன்று ராஜா வந்தது. விரல்கள் மீசைக்குக் கிளம்பின. பயில்வான் வலக்கையைத் தொடைக்கடியில் போட்டு அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டார். மீசை அசையவில்லை என்று தைரியமாக ஏற்றிய சடையப்பர், சீட்டை விரித்தபோது ஒரு குவியலை இழந்தார். இப்போது இருவர் கொட்டையும் சமம்.

அடுத்து வந்தவை ஒன்றோடொன்று பேச்சுவார்த்தை இல்லாத ஐந்து சீட்டுகள். நடுவில் ஏற்கெனவே கொட்டை நிறையக் கிடந்தது. பயில்வான் திரும்பித் தன் தெருவைப் பார்த்தார்.  அவர் வலக்கையை நிதானமாக வெளியே எடுத்தார். மீசையை ஒரு முறுக்கு முறுக்கினார். இருந்த கொட்டை முழுவதையும் நடுவே தள்ளினார்.

மீசை ஏறாதபோதே மூன்று ராஜா. ஏறினால்?  சடையப்பர் அந்த மீசையை நெடுநேரம் பார்த்தார். கவிழ்த்தார்.

அந்த நேரம் பார்த்துப் பூசாரிக்கு ஞாபகம் வந்தது. சங்கு ஊதியது.

தெற்குத் தெரு ஆர்ப்பரித்ததில் கோபுரத்துப் புறாக்கள் பக்கத்து ஜில்லாவுக்குப் போய்விட்டன.

“அப்படி என்னதான் வைத்திருந்தீர்? காட்டும் ஐயா!” என்றார் சடையப்பர்.

பயில்வானின் நெஞ்சு இரண்டு மடங்கு விரிந்தது. கை சீட்டை நோக்கிப் போனது. அதற்குள் பின்னால் நின்ற பவளக்கொடி குனிந்து, சீட்டுகளின் மேல் உள்ளங்கையை அழுத்தி வைத்தாள்.

“குருவம்மா,” அவள் காதோடு கெஞ்சினார், “வெறும் குப்பையை வைத்து ஜெயித்தேன் என்று ஊருக்குத் தெரிய வேண்டாமா?”

“அடுத்த வருஷமும் தேர் ஓடும், பயில்வான். அப்போதும் அவர்கள் மீசையை நம்ப வேண்டாமா?”