பிளக்கைப் பொத்திய மேலாளர்

கோவையில் கல்யாண மண்டபங்களை இணையத்தில் பதிவுசெய்து தரும் கம்பெனி ஒன்று இருந்தது. அதன் டேட்டாபேஸ் சர்வருக்கு, பதிவுகளைச் சேமித்துவைக்கும் புது எஸ்எஸ்டி தேவைப்பட்டது. வீட்டுக் கம்ப்யூட்டருக்குப் போடும் மலிவு ரகமே போதும் என்றார் மேலாளர் அதியப்பன்.

"திடீர்னு கரண்ட் போனா, அதுல ஏறிட்டிருக்கிற பதிவு அழிஞ்சிரலாங்க சார். சர்வர் ரகம்னா உள்ள சேத்துவச்ச கரண்ட்டுல எழுதி முடிச்சிட்டுத்தான் நிக்கும்," என்றாள் புதிதாகச் சேர்ந்த ரெஜினா.

"ஒரு எழுத்துகூட அழியாது! முடிஞ்சா முதலாளியம்மா முன்னால நிரூபி. ஆனா ஒரு பதிவுகூடக் கெடக் கூடாது. கெட்டா உனக்கு இங்க வேலை இல்லை."

கெடுக்காமல் எப்படிக் காட்டுவது? ரெஜினா சரியென்று தலையாட்டினாள்.

மறுநாள் முதலாளியம்மா வந்ததும், மேலாளர் சொன்ன எஸ்எஸ்டியையே சர்வரில் மாட்டி, ரெஜினா அதன் பிளக்கில் கைவைத்தாள்.

"சார், உங்க பொண்ணு கல்யாணத்துக்குத் தை முகூர்த்தத்துல மண்டபம் கேட்டீங்களே, அந்தப் பதிவுதான் இப்ப ஏறுது. பிடுங்கட்டுங்களா?"

"ஐயையோ, தொடாதே!" அதியப்பன் பாய்ந்துவந்து பிளக்கை இரு கைகளாலும் பொத்திக்கொண்டார்.

"பதிவு எதுவும் கெடலைங்க மேடம்," என்றாள் ரெஜினா பணிவாக.

முதலாளியம்மாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "சர்வர் ரகத்தையே வாங்கிரும்மா. அது வர்ற வரைக்கும் சார் இப்படியே பிடிச்சிட்டு நிக்கட்டும்."