ரீத்தா போகுதா, வருதா?

"டீச்சர், என் கப்பல் பொம்மை மாதிரி இருக்கு."

கஸ்பார் கொரைரா மடியிலிருந்த அட்டைப்பெட்டியைத் திறந்தார்.

"பொம்மை வேற எப்படி இருக்கும் அண்ணாச்சி?" என்றார் நேவிஸ் டீச்சர்.

"நிஜக் கப்பல் மாதிரி இருக்கணும். அதுக்குத்தான் உங்ககிட்ட வந்தேன்."

தூத்துக்குடியில் கப்பல் கம்பெனிகளின் வரவேற்பறையில், கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்கும் மாதிரிக் கப்பல்கள் பாதிக்கும் மேல் நேவிஸ் டீச்சர் வண்ணம் அடித்தவை. டீச்சருக்கு வயது முப்பத்து நான்கு. கஸ்பாருக்கு அறுபத்தொன்று. கடலில் முப்பத்தோரு வருஷம் இருந்தவர், அதில் கடைசிப் பதினைந்து வருஷம் போசன், டெக் ஆட்களுக்கு மேஸ்திரி. டெக்கில் அவர் சத்தம் போட்டால் எஞ்சின் ரூமில் இருப்பவன் நிமிர்ந்து நிற்பான். இப்போது ஒரு பிளாஸ்டிக் கப்பலைக் கையில் வைத்துக்கொண்டு பரீட்சைக்கு வந்த பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார்.

கப்பலின் பெயர் ரீத்தா. அவர் வேலை பார்த்த சரக்குக் கப்பலேதான், முழங்கை நீளத்தில். மகன் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய, பாகங்களை ஒட்டிச் சேர்க்கும் கிட் வேறு ஏதோ கப்பலுடையது. கஸ்பார் அதன் புகைபோக்கியை அறுத்து, சரக்குத் தூக்கும் கம்பங்களை இடம் மாற்றி, மூன்று மாதம் மல்லுக்கட்டி ரீத்தா ஆக்கியிருந்தார். உடம்பு கறுப்பு, அடிப்பக்கம் சிவப்பு, மேலே அறைகள் வெள்ளை. ஒரு பிரஷ் தடம் கிடையாது. முகம் பார்க்கலாம், அவ்வளவு பளபளப்பு.

டீச்சர் அதைக் கையில் எடுத்து ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"கப்பல் போகுதா, வருதா?"

கஸ்பாருக்குப் புரியவில்லை.

"மேசை மேல நிக்குது டீச்சர்."

"அப்ப நிக்கட்டும்."

டீச்சர் பெட்டியை மூடி அவர் மடியிலேயே திரும்ப வைத்தார்.

கஸ்பாருக்குக் கோபம் வரத்தான் செய்தது. ஆனால் கோபித்துக்கொண்டு எங்கே போவது? வீட்டில் நிலைமை அப்படி.

அவர் ஓய்வு பெற்று எட்டு மாதம் ஆகிறது. கப்பலுக்குக் கொண்டுபோகும் நீலப் பை இன்னும் வாசல் கதவோரமே இருக்கிறது. மனைவி செலஸ்தினா அவர் சட்டைகளைத் துவைக்கிறாள், மடிக்கிறாள், மறுபடி அந்தப் பைக்குள்ளேயே வைக்கிறாள். சட்டை வேண்டுமென்றால் அவர் வாசலுக்குப் போய் எடுத்துக்கொள்ள வேண்டும்.

"இனிமே எங்கேயும் போகலட்டி" என்று அவரும் நூறு தரம் சொல்லிவிட்டார்.

"சரி" என்பாள் அவள். பை அங்கேயே இருக்கும்.

சொல்லிப் புரியாததைச் செய்து காட்டலாம் என்றுதான் கப்பலைச் செய்தார். கல்யாண நாளன்று அவள் முன்னால் வைத்தார். ரீத்தா இனி ஒரு காட்சிப்பொருள், அலமாரி மேல் இருக்கும், அவ்வளவுதான் என்பது அவர் கணக்கு. செலஸ்தினா ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு ஒரு துண்டை எடுத்து வந்து கப்பலை மூடிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

வேலை சரியில்லை, அதனால்தான் அவளுக்குப் பிடிக்கவில்லை என்று முடிவு செய்துதான் கஸ்பார் டீச்சரிடம் வந்திருந்தார். போசன் மூளை வேறு எப்படி யோசிக்கும்?

அடுத்த வாரம் மறுபடி டீச்சரிடம் வந்தார். புகைபோக்கியில் கொஞ்சம் பஞ்சு ஒட்டியிருந்தது. பஞ்சுப்புகை பின்பக்கமாகச் சாய்ந்திருந்தது.

"போகுது டீச்சர்" என்றார் பெருமையாக.

டீச்சர் பஞ்சைப் பிடுங்கி எறிந்தார்.

"போனாலும் புகை பின்னாலதான் போகும். வந்தாலும் பின்னாலதான் போகும்."

கஸ்பார் தலையைச் சொறிந்தார்.

டீச்சர் ஒரு பிரஷை எடுத்தார். செங்காவி நிற ஆயில் பெயிண்டில் அதன் நுனியைத் தொட்டு, நங்கூரத்துக்குக் கீழே வைக்கப் போனார்.

கஸ்பாரின் கை பாய்ந்து டீச்சரின் மணிக்கட்டைப் பிடித்தது.

இரண்டு பேருமே திடுக்கிட்டார்கள்.

"மன்னிச்சிருங்க டீச்சர்" என்று கையை எடுத்துக்கொண்டார். "தெரியாமப் பிடிச்சிட்டேன். துருன்னா கை தானாப் போயிருது."

டீச்சர் சிரித்தார். "உங்க கை இன்னும் டூட்டியில இருக்கு அண்ணாச்சி."

கஸ்பார் தன் கையைப் பார்த்தார். சிப்பிங் சுத்தியலால் துருவைத் தட்டித் தட்டிக் காய்த்துப்போன கை. துருவை எங்கே பார்த்தாலும் தட்டு, சுரண்டு, பெயிண்ட் அடி. அது ஒன்றுதான் அதற்குத் தெரியும்.

"சரி, துரு முதல்ல எங்க வரும்?" என்று டீச்சர் கேட்டார்.

"நங்கூரம் இருக்கிற ஓட்டைக்குக் கீழ. சங்கிலி உரசி உரசிப் பெயிண்ட் போயிரும்லா. அப்புறம் டெக்குத் தண்ணி வடியுற ஓட்டைக்குக் கீழ, கோடு கோடா. தண்ணி மட்டத்துக்கு மேல ஒரு முழம் உப்புப் பூத்து வெளுத்துக் கிடக்கும். கறுப்பு கறுப்பா இருக்காது, சாம்பலாப் போயிரும். வலப்பக்கம் ஏணி இறக்குற இடத்துல..."

மூச்சு விடாமல் சொன்னார். டீச்சர் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இவ்வளவு தெரியுது. அப்புறம் ஏன் ஒண்ணையும் வைக்கல?"

"கிளம்புற கப்பல்ல துரு இருக்கலாமா டீச்சர்? கிளம்புறதுக்கு முந்தின வாரம் பூரா எங்களுக்கு இதுதான் வேலை. பக்கவாட்டுல பலகை கட்டித் தொங்கிக்கிட்டு அடிப்போம். துறைமுகத்தை விட்டுப் போறப்ப ரீத்தா கல்யாணப் பொண்ணு மாதிரி போகும்."

"வர்றப்ப?"

"வர்றப்ப எங்க? ஓடுற கப்பல்ல வெளிப்பக்கம் அடிக்க முடியாதுல்லா. பத்து மாசத்துக் கடல் அது மேலதான் இருக்கும். துரு வழிஞ்சு, வெளுத்து..."

"கரையில நின்னு பாக்கிறவங்களுக்கு அது எப்படித் தெரியும்?"

"நான் என்னைக்கு டீச்சர் கரையில நின்னு பார்த்தேன்? நான் உள்ளல்லா இருந்தேன்."

"யாரு நின்னா?"

கஸ்பார் கப்பலைத் தன் பக்கம் திருப்பினார்.

கிளம்பும் ஒவ்வொரு தடவையும் கடற்கரையில் இடுப்பில் பிள்ளையோடு ஒருத்தி நிற்பாள். திரும்பி வரும்போதும் அதே இடத்தில் நிற்பாள். பிள்ளை வளர்ந்து இடுப்பிலிருந்து இறங்கிய பிறகு தனியாக நின்றாள். மேலே நின்று கையாட்டியதோடு சரி, அவள் கண்ணுக்கு என்ன தெரிந்தது என்று முப்பத்தோரு வருஷத்தில் ஒரு தடவைகூட அவர் கேட்டதில்லை. அதை நினைக்க அவருக்கு வெட்கமாக இருந்தது. கல்யாண நாளன்று பளபளவென்று அவள் முன்னால் வைத்ததும் கிளம்புகிற கப்பல்தான்.

"டீச்சர், அந்த பிரஷைக் குடுங்க" என்றார்.

முதல் துளியை வைத்தார். நங்கூரத்துக்குக் கீழே ஒரு புள்ளி. டீச்சர் சொல்லிக்கொடுத்தபடி இன்னொரு பிரஷைத் தின்னரில் லேசாக நனைத்து, புள்ளியை மேலிருந்து கீழே இழுத்தார். துரு வழிந்தது.

"இன்னும் கொஞ்சம் வைக்கவா?"

"எத்தனை மாசம் கடல்ல இருந்துச்சு?"

"பத்து."

"அப்ப பத்து மாசத்துக்கு வைங்க."

பத்து மாசத்துக்கு வைத்தார். கறுப்பின் மேல் சாம்பலைக் கலந்து மங்கலாக்கினார். பிரஷில் வெள்ளையைத் தொட்டு, துணியில் துடைத்து, ஒட்டியும் ஒட்டாமலும் மிச்சமிருந்ததைத் தண்ணீர் மட்டத்தில் தேய்த்தார். உப்புப் பூத்தது. எந்த இடத்திலும் அவர் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. தட்டித் தட்டி எடுத்த துருவை எல்லாம் அதனதன் இடத்தில் திரும்ப வைத்தார். நாலு நாள் தினமும் வந்தார். ஐந்தாம் நாள் டீச்சர் கப்பலைப் பார்த்தார், போகுதா வருதா என்று கேட்கவில்லை.

பெயிண்ட் காய்ந்ததும் பெட்டியை அணைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். செலஸ்தினா மீன் வாங்கப் போயிருந்தாள். கப்பலைச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டு, அன்றைக்கு அவள் மூடிய துண்டை எடுத்து ஒளித்து வைத்தார். பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் சுவரோரம் நின்றார்.

செலஸ்தினா கூடையோடு உள்ளே வந்தாள். மேசையைப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

கூடையைக் கீழே வைத்தாள். ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு கிட்டே வந்தாள். நங்கூரத்துக்குக் கீழே வழிந்திருந்த துருவை ஒரு விரலால் மெதுவாகத் தடவினாள். அவள் கண் நிறைந்துவிட்டது.

"எப்ப வந்துச்சு?" என்று கேட்டாள்.

கஸ்பார் சுவரோரத்திலிருந்து ஓரடி முன்னால் வந்தார். "இப்பதான்" என்றார்.

செலஸ்தினா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

பிறகு வாசல் பக்கம் கையை நீட்டினாள்.

"அந்தப் பையை எடுத்துட்டு வாங்க. துணியெல்லாம் அலமாரில அடுக்கணும்."