ஆள்காட்டிக்கு ஐம்பது தப்படி

அநியாயம் நடந்தது ஓர் ஆள்காட்டிக் குருவிக்கு. செய்தது நாயல்ல, கீரியல்ல, கவணும் கையுமாகத் திரிகிற பயல்களுமல்ல. பறவைகளைக் காப்பாற்றுவதற்கென்றே பதிவு எண்ணும் ரப்பர் முத்திரையும் வாங்கி வைத்திருந்த சிறுவரப்பூர்ப் பறவை ஆய்வு, பாதுகாப்புக் குழு. குருவி அடைகாத்த நாலு முட்டைமேல் ஜேசிபி ஏறவிருந்தது. ஒரு வரி எழுதிக் கொடுத்தால் வண்டி நின்றுவிடும். அந்த ஒரு வரியை எழுத முடியாது என்று குழு கைகட்டி நின்றது.

இதில் மணிமொழிக்குத்தான் வயிற்றெரிச்சல் அதிகம். ஏனென்றால், எழுத முடியாது என்பதற்குக் குழு நீட்டிக் காட்டிய சட்டம் அவள் கையெழுத்தில் இருந்தது.

மணிமொழி பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படிக்கிறவள். வகுப்பில் பேராசிரியர் "ஏதாவது சந்தேகம்?" என்று கேட்டுவிட்டு அவள் பக்கம் மட்டும் திரும்ப மாட்டார். அப்படிப்பட்டவள், விடுமுறையில் ஊருக்கு வந்த இடத்தில், சும்மா இருப்பானேன் என்று குழுவில் தன்னார்வத் தொண்டராகச் சேர்ந்தாள். குழுவில் ஏற்கெனவே மூன்று பேர். தலைவர் வைரக்கண்ணு, நில அளவைத் துறையில் முப்பது வருஷம் சங்கிலி பிடித்து ஓய்வு பெற்றவர். செயலாளர் பட்டாபி, இன்சூரன்ஸ் ஏஜென்ட். பொருளாளர் ஆரோக்கியம், செல்போன் கடைக்காரர். மூவருக்கும் பதவி இருந்ததால் வேலை செய்ய ஆள் தேவைப்பட்டது.

"பாப்பா, நீ படிச்ச பிள்ளை. தொண்டருங்க எப்படி நடந்துக்கணும்னு நல்ல தமிழ்ல நாலு வரி எழுதிக் குடு" என்றார் தலைவர்.

அவள் மூன்று வரி எழுதினாள். பறவைக்கும் நமக்கும் எப்போதும் ஐம்பது தப்படி இடைவெளி இருக்க வேண்டும். பறவை நம்மைப் பார்க்கக் கூடாது. கண்ணால் கண்டதை மட்டுமே எழுத வேண்டும், ஊகம் கூடாது. 'எப்போதும்' என்ற சொல்லுக்குக் கீழே அழுத்தமாக ஓர் அடிக்கோடும் போட்டாள். அது போதாதென்று நினைத்த தலைவர் நாலாவதாகத் தானே ஒன்று சேர்த்தார்: சேர்ந்து முப்பது நாள்வரை ஒருவர் பயிற்சித் தொண்டர், எல்லா விதிக்கும் கட்டுப்பட்டவர், ஆனால் அவர் பார்த்தது பதிவேட்டில் ஏறாது.

ஆரோக்கியம் அதைக் கடையில் லேமினேட் செய்து, ஆளுக்கொன்று கயிறு கட்டிக் கழுத்தில் மாட்டிவிட்டார்.

சேர்ந்த மூன்றாம் நாளே மணிமொழி கூட்டைக் கண்டுபிடித்தாள். கண்மாய்க் கரைக்குக் கீழே சரளைக் கல் பரவிய பொட்டல். அந்தக் கல்லுக்கு நடுவே, கல்லோடு கல்லாக நாலு முட்டை. அவள் சொன்ன இடத்துக்கு மூவரும் ஆவலோடு கிளம்பினார்கள். கிளம்பிய வேகத்தில் நின்றார்கள்.

"ஐம்பது தப்படியை எங்கேயிருந்து அளக்கிறது?" என்று கேட்டார் பட்டாபி.

"கூட்டுலேர்ந்துதான்" என்றார் தலைவர்.

"கூட்டுலேர்ந்து அளக்கணும்னா கூட்டுக்குப் போகணுமே. போனா ஐம்பது தப்படிக்குள்ள வந்துட்டோம்னு ஆகுதே."

தலைவர் முப்பது வருஷ அனுபவத்தைக் கூட்டி யோசித்தார். "அப்ப டீக்கடையிலேர்ந்து அளப்போம். அங்கே போறதுக்குத் தடை இல்லை." டீக்கடையிலிருந்து ஐம்பது தப்படி அளந்து, அந்த இடத்தில் கொடி நட்டார்கள். டீக்கடைக்கு அதனால் ஒரு கெடுதலும் வரவில்லை.

மணிமொழி தலையில் அடித்துக்கொண்டு, தானே தூரத்தைக் கணக்குப் பண்ணி, பச்சைப் படுதாவால் ஒரு மறைவிடம் கட்டிக் கொடுத்தாள். பார்ப்பதற்குக் கண்ணளவில் ஓர் ஓட்டையும் வெட்டினாள். மறுநாள் போனால் ஓட்டையைக் காணோம். அதே பச்சையில் ஒட்டுப்போட்டுத் தைத்திருந்தது.

"யார் சார் தைச்சது?"

"நான்தான்" என்றார் ஆரோக்கியம், கொஞ்சம் கூச்சத்தோடு. "பாராட்டெல்லாம் வேண்டாம்மா."

"ஓட்டை இல்லாம எப்படிப் பார்ப்பீங்க?"

பட்டாபி கழுத்து அட்டையைத் தூக்கிக் காட்டினார். "பறவை நம்மைப் பார்க்கக் கூடாது. உங்க எழுத்துதான். ஓட்டை வழியா நமக்கு அது தெரிஞ்சா, அதுக்கு நாம தெரிய மாட்டோமா? ஓட்டைக்கு நம்ம பக்கம், அதன் பக்கம்னு இருக்கா?"

"சரி, பைனாகுலர் வச்சு வெளியில தூரத்திலேர்ந்தாவது பாருங்க."

"அந்தச் சனியனைப் பீரோவுல பூட்டிட்டோம்" என்றார் தலைவர். "ஆரோக்கியம் கண்ணுல வச்சுப் பார்த்திருக்காரு. குருவி அஞ்சு தப்படிக்கு வந்துடுச்சாம். மனுஷன் மல்லாக்க விழுந்துட்டாரு."

"ரோமம் ரோமமாத் தெரிஞ்சுதும்மா" என்றார் ஆரோக்கியம்.

இப்படியாகக் கண்காணிப்பு ஒழுங்காக நடந்தது. மூவரும் ஒன்றாகப் படுதாவுக்குள் உட்கார்ந்து, கண்ணால் கண்டதைக் கண்டபடி எழுதினார்கள். பதிவேட்டை மணிமொழி ஒருநாள் புரட்டினாள். 'காலை ஆறு மணி: படுதா. நிறம் பச்சை. ஆறரை: படுதா. லேசான அசைவு. ஏழு: படுதாவின் மேல் ஒரு கட்டெறும்பு. ஏழு ஐந்து: கட்டெறும்பு இல்லை.' இருபத்து மூன்று நாளைக்கு இதேதான். அடித்தல் திருத்தல் இல்லாத கையெழுத்து.

"குருவி வெளியில அந்தக் கத்து கத்துதே, அதையாவது எழுதக் கூடாதா?"

"கத்துறது காதுல விழுது. கண்ணுல விழலையே" என்றார் தலைவர். "யாராவது குருவி மாதிரிக் கத்தியிருக்கலாம். ஊகம் கூடாதுன்னு நீதானே பாப்பா எழுதினே?"

மணிமொழி பல்லைக் கடித்தாள். வாதாடிப் பழக்கப்பட்டவளுக்குத் தன் வாக்கியமே எதிர்க்கட்சியாக வந்து உட்காருவதைப் போல ஒரு கொடுமை இல்லை.

இந்த நிலையில்தான் ஜேசிபி வருகிறது என்று செய்தி வந்தது. கரைக்குக் கீழே நடைபாதை போடப்போகிறார்கள். எதற்கு? பறவை பார்க்க வருகிறவர்கள் சௌகரியமாக நடப்பதற்கு. கேட்டு மனுக் கொடுத்தது யார்? குழுதான். போன வருஷம் கொடுத்த மனு இந்த வருஷம் பலித்து, நேராக முட்டைமேல் வந்து நின்றது.

மணிமொழி பொறியாளர் அலுவலகத்துக்கு ஓடினாள். அவர் நல்ல மனிதர். "முட்டை பொரியிறவரைக்கும் வேலையைத் தள்ளி வைக்கிறேம்மா. ஆனா எனக்கு ஒரு காகிதம் வேணும். 'கூட்டில் முட்டை இருக்கிறது, நேரில் கண்டோம்'னு குழு முத்திரை போட்டு ஒரே ஒரு வரி. நாளைக்குக் காலையில வண்டி வர்றதுக்குள்ள குடுத்துடுங்க" என்றார்.

அன்று சாயங்காலமே அவசரக் கூட்டம்.

"எழுதறதுக்கு ஆட்சேபணை இல்லை" என்றார் தலைவர். "ஆனா யாரு கண்டது?"

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த இருபத்து மூன்று நாளில் அவர்கள் நேரில் பார்த்த ஒரே உயிர் அந்தக் கட்டெறும்பு.

"நான் பார்த்தேன்! இதோ படம்!" என்று மணிமொழி செல்போனை மேசைமேல் போட்டாள். திரையில் நாலு முட்டையும் பளிச்சென்று தெரிந்தன.

தலைவர் முகம் கறுத்தது. "எத்தனை தப்படியிலேர்ந்து எடுத்தே?"

"ஐம்பதுக்கு மேலதான். ஜூம் பண்ணினேன்."

"அப்ப நீ தள்ளி நின்னே, படம் கிட்டப் போயிருக்கு. பைனாகுலர் பண்ண அதே தப்பு. போகட்டும். நீ சேர்ந்து எத்தனை நாளாச்சு?"

"இருபத்தாறு."

"இன்னும் நாலு நாள் பயிற்சி பாக்கி. நீ பார்த்தது ஏறாது."

"சார், நாலு நாள் கழிச்சுப் பார்த்தா அங்கே முட்டை இருக்காது. ஆம்லேட்தான் இருக்கும்!"

"அதை அப்பக் கண்ணால பார்த்துட்டு எழுதிக்கலாம்" என்று பட்டாபி ஆறுதல் சொன்னார்.

"உங்கள்ல ஒருத்தர் இப்பவே போய்ப் பார்த்துட்டு வாங்களேன். ரெண்டு நிமிஷ வேலை."

"போய்ப் பார்த்தா முதல் விதி போச்சு. பார்க்காம எழுதினா மூணாவது விதி போச்சு" என்றார் தலைவர்.

"பறவை இல்லாத சமயமாப் போனா?" என்றார் ஆரோக்கியம். அவர் உண்மையிலேயே இளகின மனசுக்காரர்.

"பறவை இல்லைன்னு முதல்ல யாரு போய்ப் பார்க்கிறது?"

கூட்டம் முடிந்தது. முட்டைகளுக்கு நேரப்போகிற கதியை நினைத்து இரண்டு நிமிஷம் எழுந்து நின்று மௌனம் காத்தார்கள். மணிமொழி மட்டும் உட்கார்ந்தே இருந்தாள். முட்டை இன்னும் உயிரோடுதான் இருக்கிறது என்று சொல்லிப் பார்த்தாள். அதுவும் பதிவேட்டில் ஏறவில்லை.

மறுநாள் காலை ஜேசிபி உறுமிக்கொண்டு பொட்டலில் இறங்கியது. மணிமொழி குறுக்கே போய் நின்றாள். மூவரும் படுதாவுக்குள் இருந்து, படுதா அதிர்வதைக் குறித்துக்கொண்டிருந்தார்கள்.

அவளுக்கு முன்னாலேயே குருவி புறப்பட்டுவிட்டது. மஞ்சள் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு வண்டிக் கண்ணாடிமேல் பாய்வதும், டிட்டிடீ டிட்டிடீ என்று ஊரைக் கூட்டுவதும், தரையில் விழுந்து இறக்கை ஒடிந்தாற்போல் இழுத்துக்கொண்டு ஓடுவதுமாக அமர்க்களம். ஓட்டுநர் இருளப்பன் வண்டியை நிறுத்திவிட்டுக் குதித்தார். கீழே ஒரு பார்வை பார்த்தார்.

"அட, நாலு முட்டை. கரைமேல அஞ்சாறு பேரு கழுத்துல அட்டை மாட்டிக்கிட்டு அலையிறீங்க, இதை ஒரு ஆளு சொல்லப்படாதா தங்கச்சி?"

"மூணு பேருண்ணே. நீங்க எறங்கின ஒரு நிமிஷத்துல பார்த்ததை அவங்க இருபத்து நாலு நாளாப் பார்க்கலை."

"எனக்கும் ஏத்த மனசில்லைதான். ஆனா காகிதம் இல்லாம நிறுத்துனா சாருக்கு நான் என்ன பதில் சொல்ல?"

மணிமொழி கழுத்தில் கிடந்த அட்டையைப் பார்த்தாள். படித்த நாள் முதலாக அவள் நியாயத்தால் வாதாடிப் பழகியவள். அன்றைக்குத்தான் முதல் தடவையாக அந்த நியாயத்தைக் கழற்றி வைத்தாள். படுதாப் பக்கம் திரும்பி, "சார்! இவர் நம்ம குழுவுல தொண்டராச் சேரணும்னு துடிக்கிறாரு!" என்று கத்தினாள்.

படுதா பரபரத்தது. ஐந்தாவது ஆள்! தலைவர் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு, பறவை பார்க்காதபடி வெளியே வந்து, துண்டுக்குள்ளிருந்தே ஒரு விண்ணப்பத்தை நீட்டினார். இருளப்பன் விழித்தார். "போடுங்கண்ணே கையெழுத்தை" என்று மணிமொழி கண் காட்டினாள். போட்டார். ஆரோக்கியம் அங்கேயே அவர் கழுத்தில் அட்டையை மாட்டினார்.

"வாழ்த்துகள்" என்றாள் மணிமொழி. "இப்ப முதல் விதியைப் படிங்கண்ணே. சத்தமா."

இருளப்பன் எழுத்துக் கூட்டினார். "பறவைக்கும் நமக்கும் எப்போதும் ஐம்பது தப்படி..."

"ஐயோ!" என்று அலறினார் தலைவர். "தொண்டரே! நீங்க பறவைகிட்ட நிக்கிறீங்க! வண்டியை எடுங்க பின்னால! சேர்ந்த அன்னைக்கே விதி மீறலா?"

ஜேசிபி பின்னால் போனது. தலைவரே கூடப்போய்த் தப்படி அளந்தார். அப்புறம் பொறியாளர் போன் செய்து ஏன் வேலை நிற்கிறது என்று கேட்டபோது, இருளப்பன் இப்படிச் சொன்னார்: "நான் பயிற்சியில இருக்கேன் சார். கிட்டப் போகக் கூடாதாம். கழுத்துல எழுதித் தொங்குது." பொறியாளருக்கு ஒரு காகிதம்தான் வேண்டும். விண்ணப்பத்தின் நகலில் குழு முத்திரை இருந்தது. கோப்பில் வைத்துக்கொண்டார்.

நாலாம் நாள் காலையில் முட்டைகள் பொரிந்தன. ஆள்காட்டிக் குஞ்சுகள் கூட்டில் தங்குகிற ஜாதியல்ல. ஈரம் காய்ந்ததும் எழுந்து ஓடும். நாலில் ஒன்று, நிழல் எங்கே என்று தேடிக்கொண்டு, நேராகப் படுதாவுக்கு அடியில் புகுந்தது.

உள்ளேயிருந்து ஒரு கூக்குரல். அடுத்த நிமிஷம் படுதா மூன்று தலைகளோடு எழுந்து நின்று, கரைமேல் ஏறி, டீக்கடையைத் தாண்டி, பேருந்து நிலையத்துப் பக்கம் ஓடிற்று. குஞ்சு கொஞ்ச தூரம் பின்னால் ஓடிப் பார்த்துவிட்டுத் திரும்பியது.

காக்கையும் நாயும் அண்டாமல் குஞ்சுகளைக் காத்தது மணிமொழியும் இருளப்பனும். ஒரு வாரம் ஆயிற்று, மூவரையும் காணோம். அதற்குள் முப்பது நாளும் முடிந்து அவள் முழு உறுப்பினர் ஆகியிருந்தாள். உறுப்பினர் என்ற முறையில் உட்கார்ந்து, சூடாக ஒரு கடிதம் எழுதினாள். 'இருபத்தெட்டு நாள் படுதாவைக் காத்தவர்கள், குஞ்சு பொரித்த அன்று காவலைப் போட்டுவிட்டு ஓடியது ஏன்? எழுத்துமூலம் பதில் வேண்டும்.' தலைவர் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தாள். "தினம் ஒரு ஊருலேர்ந்து போன் பண்றாரும்மா, அனுப்பி வைக்கிறேன்" என்று அவர் மனைவி வாங்கிக்கொண்டார்.

பத்து நாள் கழித்து மூன்று மாவட்டம் தள்ளியிருந்து பதில் வந்தது. முத்திரை இருந்தது, மூன்று கையெழுத்தும் இருந்தன.

'மதிப்பிற்குரிய உறுப்பினர் அவர்களுக்கு. நாங்கள் ஓடவில்லை. முதல் விதியின்படி இடைவெளி காத்தோம். குஞ்சிடமிருந்து ஐம்பது தப்படி விலகிய இடத்தில் கொக்கு நின்றது. கொக்கிடமிருந்து விலகினால் மைனா. பேருந்து நிலையத்தில் காக்கைகள். ஏறிய பேருந்தில் முன் சீட்டு அம்மாள் மடியில் கோழி வைத்திருந்தார், ஓடுகிற வண்டியில் ஐம்பது தப்படிக்கு வழியில்லாததால் இறங்கிவிட்டோம். இப்போது ஒரு லாட்ஜில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு இருக்கிறோம். மாடத்தில் புறா குனுகுகிறது. கண்ணால் காணாததால் பதிவேட்டில் எழுதவில்லை, என்றாலும் மூட்டை கட்டிவிட்டோம். "எப்போதும்" என்று தாங்கள் அடிக்கோடிட்டிருப்பதால் நின்று ஒரு வாய் காபி குடிக்க முடியவில்லை. ஆகையால், பறவையே இல்லாத ஊர் எது என்று தங்கள் பல்கலைக்கழகத்தில் விசாரித்து உடனே தெரிவிக்கவும். அங்கே போய் இருந்துகொண்டு பறவைகளைக் காப்பாற்றுவது என்று ஒருமனதாகத் தீர்மானித்திருக்கிறோம்.'