துபாஷி சொன்ன வித்தியாசம்

கொன்றையூர்ச் சமஸ்தானத்தை அழகுமலை ராயர் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் ஆசை என்று ஒன்று வந்துவிட்டால் பேய் பிடித்த மாதிரி. ஒரு வருஷம் புறா வளர்த்தார். அடுத்த வருஷம் மல்யுத்தம். அதற்கடுத்து இங்கிலீஷ் பிடித்துக்கொண்டது.

சொல்லிக்கொடுக்க சேஷய்யா என்ற துபாஷி வந்து சேர்ந்தார். துபாஷி என்றால் வெள்ளைக்காரர் பேச்சை நம் பேச்சில் சொல்கிறவர். அவருக்கு இங்கிலீஷ் எவ்வளவு தெரியும் என்று யாருக்கும் தெரியாது. தெரியாது என்று சொல்லவும் முடியாது. ஏனென்றால் அந்தச் சபையில் தாத்தா காலத்து வழக்கம் ஒன்று இருந்தது. சபையில் நின்று "தெரியாது" என்று சொல்லிவிட்டால், தலைப்பாகையைக் கழற்றிப் படியில் வைத்துவிட்டு வீட்டைப் பார்க்கப் போக வேண்டியதுதான். உத்தியோகம் போச்சு. அதனால் அங்கே எல்லோருக்கும் எல்லாம் தெரியும்.

துபாஷி இதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"மகாராஜா, இங்கிலீஷில் சில பேச்சு பார்க்க ஒரே மாதிரி இருக்கும், அர்த்தம் வேறாக இருக்கும். அந்த வித்தியாசம் புரியாத ஆட்கள் சபையில் இருந்தால் துரைமார் சிரிப்பார்கள். ஒவ்வொருவராகச் சோதிப்போம்" என்றார். ராஜா தலையாட்டினார்.

முதலில் யானைக்கொட்டில் மணியக்காரர் மாட்டினார்.

"ஆன் டைம், இன் டைம். என்ன வித்தியாசம் ஓய்?"

"ஐயா, யானை பிளிறினால் என்ன அர்த்தம் என்று கேளுங்கள், சொல்கிறேன். இது எனக்குத் தெரியாதே!"

தலைப்பாகை படிக்குப் போனது. துபாஷி மீசையைத் தடவினார். "ராஜா எழுந்தருளும் நேரம் ஆன் டைம். மற்றவர்கள் காத்துக் கிடக்கும் நேரம் இன் டைம்."

சபையே "ஆஹா" என்றது. சொன்ன நேரத்துக்குச் சரியாக வருவது ஒன்று, காரியம் கெடுவதற்குள் வந்து சேர்வது இன்னொன்று என்று இன்றைக்குப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகூடச் சொல்லும். அன்றைக்குச் சொல்ல ஆள் இல்லை.

அடுத்து கோட்டைக் காவல் தலைவர். "ஹவ் டூ யூ டூ, ஹவ் ஆர் யூ. வித்தியாசம் என்ன?" அவரும் தெரியாது என்றுவிட்டார். அவர் தலைப்பாகையும் இறங்கியது.

"முன்னது பட்டு உடுத்தியவரைக் கேட்பது. பின்னது பருத்தி உடுத்தியவரைக் கேட்பது" என்றார் துபாஷி. முன்னது புது ஆளுக்குச் சொல்லும் வணக்கம், பின்னதுதான் நலம் விசாரிப்பது என்று அவருக்கே தெரியாது, பாவம்.

காலியான இரண்டு இடத்திலும் துபாஷியின் மைத்துனர்கள் வந்து உட்கார்ந்தார்கள். அவருக்கு இன்னும் ஒரு மைத்துனர் பாக்கி. மறுநாள் சோதனை பூவராகனுக்கு என்று அறிவிப்பு வந்தது.

பூவராகன், வேடிக்கையாகப் பேசியே ராஜாவுக்கு யோசனை சொல்கிறவன். அன்று வீட்டுக்கு வந்தவன் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

"என்னங்க, முகம் ஏன் இப்படிச் செத்துக் கிடக்கு?" என்றாள் அவன் மனைவி செவந்தி.

"நாளைக்கு என் தலைப்பாகை போகுது. இது அரண்மனை கொடுத்த வீடு. இதையும் விடணும். கைக்குழந்தையோட எங்கே போய் நிற்கிறது?"

மடியில் கிடந்த பிள்ளை அப்பன் மூக்கைப் பிடித்து இழுத்து என்னவோ சொன்னான். பூவராகன் அவனையே பார்த்தான். பிறகு விழுந்து விழுந்து சிரித்தான்.

"செவந்தி, நாளைக்கு நீயும் சபைக்கு வர்றே."

"ஐயையோ! அத்தனை ஆம்பளைங்க முன்னாடி நானா? கூச்சத்துல செத்தே போவேன்."

"கதவுக்குப் பின்னாடி நில்லு. கூப்பிட்டால் வா. போதும்."

மறுநாள் சபை கூடியது. துபாஷி தொண்டையைச் செருமினார்.

பூவராகன் கும்பிட்டான். "மகாராஜா, சோதனைக்கு முன் ஒரு சந்தேகம். என் வீட்டில் ஒருவர் வந்து தங்கியிருக்கிறார். நல்ல சிவப்பு. தலையில் முடி குறைவு. கோபம் வந்தால் முகம் இன்னும் சிவந்துவிடும். நம் காரம் அவருக்கு ஆகாது."

"துரையா!" என்று ராஜா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"தரையில் கால் வைத்து நடக்க மாட்டார். எங்கே போனாலும் ஆள்தான் தூக்கிப் போக வேண்டும். அவர் பேசுவது ஒரு எழுத்தும் புரியாது. ஆனால் அவர் சத்தம் போட்டால் வீடே ஓடி ஓடி வேலை செய்கிறது."

"துரையேதான்!" என்றார் துபாஷி.

"காலையில் 'ஙாபூ தித்தை' என்றார். சாயங்காலம் 'தித்தை ஙாபூ' என்றார். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் ஐயா?"

துபாஷியின் கண் அந்தப் படியின் மேல் போய் வந்தது. தெரியாது என்று எப்படிச் சொல்வார்?

"இது லண்டன் பெரிய மனிதர் பேச்சு. 'ஙாபூ தித்தை' என்றால் உம் உபசாரத்தில் மகிழ்ந்தோம். 'தித்தை ஙாபூ' என்றால் உம் ராஜாவைக் காண விரும்புகிறோம். பலர் இதில் குழம்புவார்கள்."

"விரும்புகிறாரா? அப்படியானால் கூப்பிட்டுவிடுகிறேன். செவந்தி!"

தலையைக் குனிந்துகொண்டு, இடுப்பில் பிள்ளையோடு செவந்தி வந்தாள். பிள்ளை துபாஷியின் சரிகைத் தலைப்பாகையைப் பார்த்தான். இரண்டு கையையும் நீட்டினான்.

"ஙாபூ தித்தை!"

முதலில் சிரித்தவர் ராஜாதான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

"ஓய் துபாஷி, நிஜத்தைச் சொல்லும். உமக்கு இங்கிலீஷ் தெரியுமா, தெரியாதா?"

"தெ... தெரியாது மகாராஜா."

சரிகைத் தலைப்பாகை படியில் இறங்கியது. மைத்துனர்கள் சொல்லாமலே எழுந்தார்கள். மணியக்காரரையும் காவல் தலைவரையும் கூட்டிவர ஆள் ஓடியது.

"பூவராகா, என்ன வேண்டும், கேள்" என்றார் ராஜா.

அவன் வாயைத் திறக்குமுன் செவந்தி தரையைப் பார்த்தபடியே மெல்லச் சொன்னாள்:

"மகாராஜா, பிள்ளை அழுதால் பசிக்கு அழுகிறானா, தூக்கத்துக்கு அழுகிறானா என்று எனக்கு வித்தியாசமே தெரியறதில்லை. இவன் பேச்சு இந்த ஐயாவுக்குத்தான் புரியுது. ஒரு மாசம் எங்க வீட்டுக்கு அனுப்பிவைங்க."