குதிரைக் கண்ணில் இருந்தவர்

அந்தியூர்ச் சந்தையில் ஒரு குதிரையின் முகத்தைப் படம் எடுத்தவன் மாரப்பன். பிரிண்ட் மெஷின் ஓட்டுகிறவனுக்குப் பேர் எதற்கு என்று, படத்தைத் தன் பேரில் போட்டிக்கு அனுப்பினார் ஸ்டூடியோ முதலாளி தேவசிகாமணி. மாரப்பன் அதை மறக்கிற ஆள் இல்லை. பரிசை அறிவிக்க நடுவர்கள் ஸ்டூடியோவுக்கே வந்த அன்று வாயைத் திறந்தான்.

"அது நான் எடுத்ததுங்க."

"கேமரா என்னுது. நீ எடுத்ததுக்குச் சாட்சி எங்கடா? இல்லீன்னா இன்னியோட வேலையை விட்டு நட" என்றார் முதலாளி.

"கடிக்கிற குதிரையாச்சுங்களே, எத்தனை பக்கத்துல நின்னீங்க?"

"கைக்கெட்டற தூரம். எனக்கென்ன பயம்?"

மாரப்பன் நடுவர்களைப் பார்த்தான். "சுருக்காத அசல் படம் இருக்குதுங்க. எட்டடிக்கு அடிச்சுக் காட்டறேன்."

மெஷின் வரி வரியாக இறக்கியது. காது வந்தது, நெற்றி வந்தது. பிறகு சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குக் குதிரையின் கண் வந்தது. அந்தக் கண்ணுக்குள் கேமராவோடு குந்தியிருந்தான் மாரப்பன். தூரத்தில் நின்ற லாரியின் மேலே, கம்பியைக் கட்டிப்பிடித்தபடி முதலாளி.

"மெஷினை நிறுத்துடா."

"இன்னும் மூக்கு வரணுமுங்க."

மூத்த நடுவர் பேனாவைத் திறந்தார். "மாரப்பன், உங்க இனிஷியல் என்னங்க?"