நான்கு சகலைகளும் கொரியாக் கிண்ணமும்

ஒரகடம் போகிற ரோட்டில், கார் கம்பெனிகளுக்கு நடுவே சகலைகள் மெஸ் என்று ஒரு சாப்பாட்டுக் கடை உண்டு. அக்கா தங்கைகள் நாலு பேரைக் கட்டிய நாலு பேர் சேர்ந்து நடத்தியது. காய்கறி வாங்குவது, சமைப்பது, பரிமாறுவது, பாத்திரம் கழுவுவது எல்லாம் அக்கா தங்கைகள் பொறுப்பு. மீதி நிர்வாகம் முழுவதையும் சகலைகளே கவனித்துக்கொண்டார்கள்.

மூத்த சகலை எட்டியப்பன். நாலு பேரில் அவன்தான் புத்திசாலி என்று அவனே பலமுறை சொல்லியிருக்கிறான். தணிகாசலம், கன்னியப்பன், துலுக்காணம் மூவரும் அதை மறுத்ததே இல்லை. மறுப்பதென்றால் யோசிக்க வேண்டும். யோசிப்பது எட்டியப்பனின் இலாகா.

எதிரே கண்ணாடிக் கதவும் ஏசியுமாகப் புது ஓட்டல் ஒன்று வந்ததிலிருந்து மெஸ்ஸில் ஈ ஓட்ட வேண்டியதாயிற்று. அந்தச் சமயத்தில்தான் பக்கத்துக் கம்பெனியின் கொரியா அதிகாரி கிம் சார் வழி தவறி உள்ளே வந்து, மீன் குழம்பை ஒரு பிடி பிடித்தார். கை கழுவிக்கொண்டே தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்: "ஞாயித்துக்கிழமை குடும்பத்தோட வர்றேன். அவங்களுக்கும் பிடிச்சா, எங்க ஆளுங்களுக்கு இனிமே மதியச் சாப்பாடு இங்கதான். ஆனா கிண்ணம் பாருங்க. எங்களுக்குச் சாப்பாடு பாதி, கிண்ணம் பாதி."

அவர் போனதும் சகலைகள் கூடி உட்கார்ந்தார்கள்.

"பாதி சாப்பாடு போட்டாப் போதும்ன்றாரு. நல்ல மனுசன்," என்றான் தணிகாசலம்.

"அது இல்ல. மீதிப் பசிக்குக் கிண்ணத்தைக் கடிச்சித் தின்னுவாங்க போல. நம்ம எவர்சில்வரைக் கடிச்சா பல்லு இன்னாத்துக்கு ஆவும்?" என்று கவலைப்பட்டான் கன்னியப்பன்.

எட்டியப்பன் கண்ணை மூடி யோசித்தான். "மண் கிண்ணம் வேணும். அதுவும் கொரியா மண் கிண்ணம்."

"கடையில வாங்கிட்டு வாங்களேன்," என்றாள் அவன் மனைவி அஞ்சலாட்சி, அடுப்படியிலிருந்து.

எட்டியப்பன் சிரித்தான். வாங்கினால் அது கடைக்காரன் கிண்ணம். செய்தால்தானே நம் கிண்ணம்? பெண்பிள்ளைகளுக்கு நிர்வாகம் புரியாது என்று அவன் மனசுக்குள் இரக்கப்பட்டான்.

பார்க் அம்மா என்று ஒரு கொரியாக்காரி, கணவர் வேலைக்காக இங்கே குடிவந்தவர், வீட்டுப் பின்புறம் சக்கரமும் கேஸ் சூளையும் வைத்துக் கற்றுக்கொடுத்தார். வாசலில் பலகை: 'கொரியப் பாரம்பரிய மண்பாண்டம் – தீவிரப் பயிற்சி.'

"தீவிரமா இருக்கணுமாம். மூஞ்சை அதுக்குத் தகுந்த மாதிரி வெச்சிக்குங்க," என்றான் எட்டியப்பன். நாலு பேரும் புருவத்தை நெரித்து, பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே நுழைந்தார்கள்.

பார்க் அம்மா அவர்களை மாறி மாறிப் பார்த்தார். "நாலு பேருக்கும் வயித்து வலியா?"

"இல்லைங்க. தீவிரம்," என்றான் எட்டியப்பன்.

காய்கறிக்காரியிடம் பேசிப் பழகிய தமிழில் அந்த அம்மா பாடத்தைத் தொடங்கினார். "முதல்ல மண்ணை நடுவுல வைங்க. நடு தப்பினா எல்லாம் தப்பிடும்."

எதற்கு நடுவில் என்று அவர் சொல்லவில்லை. கன்னியப்பன் வேட்டியை அவிழ்த்து அறையை நீளவாக்கில் அளந்தான். வீட்டுக்கு நடு வேறு, அறைக்கு நடு வேறு என்று தணிகாசலம் தகராறு செய்தான். பார்க் அம்மா தண்ணீர் குடித்துவிட்டு வருவதற்குள் மண் உருண்டைகள் சமையலறை வாசற்படிக்குப் போயிருந்தன. வீட்டுக்கு நடு அங்கேதான் வந்தது.

ஒருவழியாக மண் சக்கரத்தில் ஏறியது. "கையாலேயே பார்க்கணும். மண்ணு என்ன சொல்லுதுன்னு கேளுங்க," என்றார் அந்த அம்மா. துலுக்காணம் குனிந்து காதை வைத்தான். சக்கரம் அவனையும் சேர்த்து ஒரு சுற்று சுற்ற முயன்றது. காதில் போன மண்ணை எடுக்கக் கொண்டை ஊசி வரவழைக்க வேண்டியிருந்தது.

"இன்னா சகலை சொல்லிச்சி?" என்று எட்டியப்பன் ஆவலோடு கேட்டான்.

"'கொர்ர்'ருன்னிச்சி."

"கொரியா பாஷை," என்று எட்டியப்பன் தலையாட்டினான்.

அடுத்து ஜாடி. மண் மேலே எழும்பி வந்ததும் பார்க் அம்மா, "இப்போ கழுத்தைப் பிடிங்க! விடாதீங்க!" என்று குரல் கொடுத்தார். தணிகாசலம் பக்கத்திலிருந்த கன்னியப்பனின் கழுத்தைப் பிடித்தான். விடவில்லை. கன்னியப்பனுக்கு முழி பிதுங்கியது. இருந்தும் பாடம் நடக்கும்போது குறுக்கே பேசுவது மரியாதையில்லை என்று சும்மா இருந்தான்.

கொரியாவில் பேர் போன நிலா ஜாடியையும் அந்த அம்மா செய்து காட்டினார். வெள்ளையாக, உருண்டையாக, லேசாகக் கோணி, பார்க்கவே குளுமையாக இருந்தது. "இதே மாதிரி ஆளுக்கு ஒரு நிலா செய்யுங்க." மாலையில் தணிகாசலம் வெறும் பலகையை நீட்டினான்.

"ஜாடி எங்கே?"

"இது அமாவாசைங்க."

பார்க் அம்மா நெற்றியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். கொரியாக்காரர்கள் தியானம் செய்வார்கள் என்று எட்டியப்பன் கேள்விப்பட்டிருந்தான். சகலைகளைச் சத்தம் போடாமல் இருக்கச் சொன்னான்.

அதற்குப் பிறகுதான் கிண்ணம் வந்தது. ஆச்சரியம், நாலு பேருக்கும் கிண்ணம் ஓரளவு எழும்பிவிட்டது. எட்டியப்பன் தன் கிண்ணத்தை ஒரு தடவை சுற்றி வந்து பார்த்தான். ஞாயிற்றுக்கிழமையை நினைத்துக்கொண்டான். மெஸ்ஸில் மறுபடி பந்தி நிறையும்; அஞ்சலாட்சி தன்னை நிமிர்ந்து பார்ப்பாள்.

பாதி காய்ந்ததும் பார்க் அம்மா கம்பிக் கருவியைக் கொடுத்தார். "அடியில கனம் இருக்கு பாருங்க. அதைச் சீவி எடுங்க. பயப்படாம எடுங்க," என்று சொல்லிவிட்டு போன் பேச உள்ளே போனார்.

அவர்கள் பயப்படவில்லை. கொஞ்சம் சீவிப் பார்த்தார்கள். இன்னும் கனம் இருந்தது. மேலும் சீவினார்கள். கனம் முழுவதும் போனபோது அடியும் போயிருந்தது. எட்டியப்பன் கிண்ணத்தைக் கண்ணுக்கு நேரே பிடித்தான். அந்தப் பக்கம் துலுக்காணத்தின் மூக்கு தெளிவாகத் தெரிந்தது.

பார்க் அம்மா திரும்பி வந்தார். "அடி எங்கே?"

"எடுத்தாச்சுங்க. துளி கனம் இல்ல."

அவர் கிண்ணத்தின் ஓட்டை வழியாக நாலு பேரையும் ஒரு முறை பார்த்தார். பிறகு நன்றாகக் காய்ந்ததும் அவற்றையும் தன் ஜாடி, தட்டு, மூடிகளோடு சேர்த்துச் சூளையில் அடுக்கினார்.

மறுநாள் மத்தியானம் நெருப்பை நிறுத்திவிட்டு வெளியே கிளம்பினார். "சூளை ஆறினப்புறம்தான் திறக்கணும். அவசரப்படக் கூடாது," என்று கதவருகே நின்று எச்சரித்தார்.

சகலைகள் அவசரப்படவே இல்லை. கடிகாரத்துக்கு எதிரே வரிசையாக உட்கார்ந்தார்கள். அஞ்சரைக்குத் துலுக்காணம் எழுந்தபோது எட்டியப்பன் அவனை இழுத்து உட்கார வைத்தான். "அம்மா இன்னா சொன்னாங்க? ஆறினப்புறம். ஆறு அடிக்கட்டும்."

ஆறு அடித்தது. எட்டியப்பன் கதவைத் திறந்தான். அதோடு அவன் மீசையும் புருவமும் போயின. உள்ளே ஜாடி, தட்டு, மூடி எல்லாம் 'டிங், டிங்' என்று விரிசல் விட்டன.

"பொறந்ததும் அழுவுது பாரு. நல்ல சகுனம்," என்றான் கன்னியப்பன்.

மிஞ்சியது அடியில்லாத நாலு கிண்ணங்கள்தான். உடைவதற்கு அவற்றில் அதிகம் எதுவும் இல்லை.

திரும்பி வந்த பார்க் அம்மா சூளையைப் பார்த்தார். சகலைகளைப் பார்த்தார். அங்கேயே நின்று நாலு சான்றிதழ்களில் கையெழுத்துப் போட்டு, இரண்டு கையாலும் நீட்டினார். "இனிமே நான் உங்களுக்குச் சொல்லித்தர எதுவும் இல்ல. தயவுசெஞ்சு போயிட்டு வாங்க. வராட்டியும் பரவாயில்ல."

"எவ்ளோ பெரிய பாராட்டு!" என்று எட்டியப்பன் இல்லாத மீசையைத் தடவிக்கொண்டான்.

மெஸ்ஸில் கிண்ணத்தில் ரசம் ஊற்றிப் பார்த்தார்கள். ரசம் மேஜைக்குப் போய்விட்டது.

"ரசம் கெட்டியா இல்ல," என்றான் தணிகாசலம். அடுப்படியிலிருந்து கரண்டி ஒன்று பறந்து வந்ததால் அந்த ஆராய்ச்சி அத்தோடு நின்றது.

எட்டியப்பன் கண்ணை மூடினான். "கிண்ணத்துக்கு அடி இல்ல. நமக்குக் கை இருக்கு. கையை அடியா வெச்சிட்டா?"

"நடுவுல மேஜை இருக்கே சகலை?" என்றான் கன்னியப்பன்.

"அதுக்கும் அடியை எடு!"

இருந்த ஒரே தேக்கு மேஜையில் நாலு ஓட்டை போட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை விரிப்பை நாலு பக்கமும் தரைவரை தொங்கவிட்டு, ஓட்டைகளுக்கு மேல் துணியைக் கத்தரித்து, கிண்ணங்களை வைத்தார்கள். மேஜைக்கு அடியில் நாலு சகலைகளும் குந்தி, ஆளுக்கொரு உள்ளங்கையைக் கிண்ணத்துக்குக் கீழே முட்டுக்கொடுத்தார்கள்.

கிம் சார், மனைவி, மகள், மாமியார் நாலு பேரும் வந்து உட்கார்ந்தார்கள். அஞ்சலாட்சி கொதிக்கக் கொதிக்க ரசம் ஊற்றினாள். வேண்டுமென்றே ஊற்றினாள் என்று எட்டியப்பன் பிற்பாடு சொன்னதுண்டு. அடியில் நாலு ஆண்பிள்ளைகள் கண்ணில் தண்ணீர் வழிய, சத்தமில்லாமல் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஒருவனும் கையை எடுக்கவில்லை.

சாப்பாடு ஏறக்குறைய முடிந்த நேரம். மாமியார்க் கிழவி கிண்ணத்தின் வேலைப்பாட்டைப் பார்க்க அதைக் கையில் தூக்கினாள். ரசம் எட்டியப்பனின் தலையில் இறங்கியது. மேஜையில் ஒரு சிவந்த உள்ளங்கை மட்டும் மேலே பார்த்து விரிந்திருந்தது.

கிழவி மருமகனைப் பார்த்தாள். மருமகன் விட்டத்தைப் பார்த்தார். இந்த ஊர் வழக்கம் போலிருக்கிறது என்று கிழவி வறுத்த மீன் ஒரு துண்டை எடுத்து அந்தக் கையில் வைத்தாள். கை கொஞ்சம் தயங்கியது, கீழே போனது, காலியாகத் திரும்பி வந்தது. கிழவி இன்னொரு துண்டு வைத்தாள்.

"பெரிய சகலைக்கு மட்டும் மீனா?" என்று அடியிலிருந்து ஒரு குரல் கேட்டது. மற்ற மூன்று கிண்ணங்களும் சரிந்தன. மூன்று கைகள் மேலே முளைத்தன.

கிம் சார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இந்த நாட்டுக்கு வந்த பிறகு அவர் அப்படிச் சிரித்ததில்லையாம். கண்ணைத் துடைத்துக்கொண்டு அஞ்சலாட்சியிடம் சொன்னார்: "சாப்பாடு அருமை. நாளைக்கு நாப்பது பேர் வருவாங்க. இன்னிக்கு மாதிரியே போடுங்க."

அவர் போனதும் மேஜைக்கு அடியிலேயே கூட்டம் நடந்தது.

"இன்னிக்கு மாதிரியேன்னாரு. நாப்பது கிண்ணத்துக்கு எங்க போறது?" என்றான் கன்னியப்பன்.

"கிண்ணம் எதுக்கு? இன்னிக்கு ரசத்தைத் தாங்கினது கிண்ணமா, கையா?" என்றான் எட்டியப்பன். மூவரும் தங்கள் சிவந்த உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார்கள்.

சாயங்காலமே மெஸ் வாசலில் அட்டை தொங்கியது:

'ஆட்கள் தேவை. மேஜைக்கு அடியில் அமரும் வேலை. உள்ளங்கை குழிவாக இருக்க வேண்டும். கொரியப் பாரம்பரிய முறைப்படி பயிற்சி அளிக்கப்படும். மதியம் மீன் மேலேயிருந்து வரும்.'